ஆணியில் தொங்கிய சாவி

உங்கள் தலைக்கு மேலே ஓடும் விசிறியை ஒரு நல்ல ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சார். சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்று கேட்கிறது. மேலே கொக்கியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். அரை மணி நேர வேலைதான். ஆனால் ஏறுகிற ஆள் சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறக் கூடாது. இது ராஜா காலத்துக் கட்டடம். இம்மாதிரிக் கட்டடங்களில் சுவிட்சைப் பல இடங்களில் தப்பான கம்பியில் கொடுத்திருப்பார்கள். விசிறி நின்றுவிடும், கரண்ட் மட்டும் உள்ளே வந்து காத்துக்கொண்டிருக்கும். மெயின் போர்டில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறச் சொல்லுங்கள். பையில் இருக்கும் கட்டையை இன்னொருவர் செருக முடியாது அல்லவா.

என் தொழிலின் சாரமே அவ்வளவுதான். சாகக்கூடிய ஆளின் கையில்தான் சாவி இருக்க வேண்டும்.

பெயர் திரவியம். வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். கரமனை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பஞ்சாலையில் எலெக்ட்ரிக்கல் மேஸ்திரி. இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. நீங்கள் பாறசாலைக்காரர், தமிழ் நன்றாகத் தெரியும் என்று ஹெட் கான்ஸ்டபிள் வேலாயுதன் சொன்னார். நல்லது. மலையாளத்தில் சொன்னால் சில இடங்களில் தடுமாறுவேன். தடுமாறினால் பொய் சொல்வது போல் இருக்கும்.

உங்கள் மேஜையில் அந்த வெள்ளைத் துணி முடிச்சு இருக்கிறதே, அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது அவிழ்க்க வேண்டாம். நானே அதற்கு வருகிறேன்.

முதலில் ஐசொலேட்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

ஓர் இயந்திரத்தை ஓடவிடவும் நிறுத்தவும் இருப்பது ஸ்டார்ட்டர். பச்சைப் பொத்தான் அழுத்தினால் ஓடும். இரண்டு விரல் தள்ளிச் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் நிற்கும். நின்ற இயந்திரம் செத்த இயந்திரம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தூங்குகிறது, அவ்வளவுதான். ஈரம் இறங்கினாலோ, ஸ்டார்ட்டருக்குள் ஒரு பல்லி விழுந்தாலோ, வழியில் போகிறவன் பொத்தானில் சாய்ந்தாலோ விழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே ஒருவன் கையை விட்டிருந்தால் கை போகும். ஆளே உள்ளே இருந்தால் ஆள் போவான்.

அதனால்தான் ஸ்டார்ட்டருக்கு முன்னால், கரண்ட் வரும் வழியில், ஐசொலேட்டர் வைக்கிறார்கள். கைப்பிடியைக் கீழே இறக்கினால் உள்ளே மூன்று செப்புக் கத்திகள் தங்கள் கவ்விகளை விட்டு வெளியே வந்துவிடும். நடுவில் நான்கு விரல் இடைவெளி. அதைக் கண்ணால் பார்க்கலாம். பார்ப்பதற்காகவே முகப்பில் ஒரு கண்ணாடி இருக்கும். காற்றைத் தாண்டிக் கரண்ட் வராது. இயந்திரம் ஓடும்போது மட்டும் இதை இழுக்கக் கூடாது, தீ பறந்து முகம் வெந்துவிடும். முதலில் சிவப்புப் பொத்தான், பிறகு கைப்பிடி. இறக்கிய கைப்பிடியில் ஒரு துளை இருக்கும். அதில் பூட்டு.

அந்தப் பூட்டைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் இன்ஜினீயர் சேஷன் சார், கரமனை அக்ரகாரத்துக்காரர், அறுபதாம் வருஷம் மில்லுக்கு வந்தவுடன் போட்ட ஒழுங்கு இது. ஃபிட்டர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளைப் பூட்டு, பூட்டிலும் சாவிகளிலும் அவரவர் பெயர் வெட்டியிருக்கும். சாலைக் கடைத்தெருவில் நானே போய் வாங்கி வந்தேன். இயந்திரத்துக்குள் இறங்குகிறவன் கைப்பிடியை இறக்கி, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். வெளியே வந்தபின் பூட்டை எடுத்து, பூட்டையும் சாவியையும் சுவரில் தன் பெயருக்கு நேரே இருக்கும் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணியில் சாவி இருந்தால் ஆள் வெளியே இருக்கிறான் என்று அர்த்தம். ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டாவது சாவி ஒன்று உண்டு. அது என் மேஜையில், கொக்கிகள் வைத்த சாவிப் பெட்டியில் இருக்கும். பூட்டு கெட்டால் மட்டும் அதை எடுக்கலாம். அதுவும் சேஷன் சார் முன்னிலையில்.

எளிய ஒழுங்கு. ஆனால் மனிதர்களுக்கு எளிய விஷயம் பிடிப்பதில்லை.

இதை முதலில் மனதார ஏற்றுக்கொண்டவர் தளவாய். எனக்கு இரண்டு வயது மூத்த ஃபிட்டர். மில் கொடுத்த லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. அவர் ஆணிப் பழக்கத்தையே விட்டுவிட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டார். பூட்டைத் திறக்க வேண்டும் என்றால் சாவியை அவிழ்க்க மாட்டார். கைப்பிடியோடு இடுப்பை ஒட்டிவைத்து, வளைந்து நின்று, அப்படியே திறப்பார். பார்ப்பதற்கு இயந்திரத்தோடு குசுகுசுப்பது போல இருக்கும். பஞ்சு அறையே சிரிக்கும்.

"என்ன தளவா அண்ணாச்சி, மோட்டாருக்கு முத்தமா?"

"சிரிங்கலே. என் உசிரு என் இடுப்புல கெடக்கு. உங்க உசிரு ஆணியில தொங்குது" என்பார்.

அறுபத்து மூன்று ஜூனில் தளவாய் இறந்தார். அந்த வருஷம் மழை கனமாக இருந்தது. ஈரம் ஏறிய பஞ்சு இயந்திரத்தில் அடைத்துக்கொள்ளும். பஞ்சுப் பொதியை உடைக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஓர் ஆள் உயரத்துக்குமேல் ஆழம். நாங்கள் அதைத் தொட்டி என்போம். உள்ளே சாய்வான ஒரு படுகை, மரச் சட்டங்களில் வரிசையாக இரும்பு முட்கள். அது பஞ்சைக் குத்தி மேலே இழுத்துக்கொண்டு போகும். உச்சியில் முள் உருளை ஒன்று எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். அதிகமாக வரும் பஞ்சைத் தட்டிக் கீழே தள்ளுவது அதன் வேலை.

தளவாய் பூட்டுப் போட்டுத் தொட்டிக்குள் இறங்கி, முட்களில் சுற்றிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஸ்பின்னிங் மாஸ்டர் மூன்று தரம் ஆள் அனுப்பிவிட்டார். நான் வந்து பார்த்தபோது தளவாயின் சாவி ஆணியில் தொங்கியது. வெளியே வந்துவிட்டார், பூட்டை எடுக்க மறந்து பீடி பிடிக்கப் போய்விட்டார் என்று நினைத்தேன். அந்தச் சாவியால் பூட்டைத் திறந்து, கைப்பிடியை ஏற்றி, பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

பதினோரு விநாடி ஓடியது. படுகை அவரைப் பஞ்சைப் போலவே மேலே இழுத்துப் போனது. உருளை அவரைப் பஞ்சைப் போலவே தட்டியது. கத்தினார். அந்த அறையின் சத்தத்தில் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டுமே கேட்டது. அடுத்த அறையில் போய் விழுந்த பஞ்சு இளஞ்சிவப்பாக இருந்தது. அதைத் தனியே அள்ளி எரிக்கச் சொன்னார் மாஸ்டர்.

மில்லின் முதலுதவி அறையில் கிடத்தினோம். கம்பவுண்டர் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார். நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினேன். அரைஞாண் கயிற்றையும் நான்தான் அறுத்தேன். அதை யாராவது ஒருவர் செய்யத்தானே வேண்டும்.

மறுநாள் விசாரணை. சேஷன் சார் என் மேஜைக்கு வந்து, "ஓய் திரவியம், சாவிப் பெட்டியைத் திறவும்" என்றார். திறந்தேன். தளவாயின் இரண்டாவது சாவி கொக்கியில் இருந்தது. மற்றது ஆணியில் இருந்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். ஆக, உள்ளே இருக்கும்போதே சாவியை ஆணியில் மாட்டியது இறந்தவரின் கவனக்குறைவு. அப்படித்தான் எழுதினார்கள். தளவாயின் மனைவி உலகம்மாள் மட்டும் அந்தச் சாவிக் கதையை ஒப்புக்கொள்ளவில்லை.

"அவுக இடுப்புத் தாக்கோல் இறங்கவே இறங்காதே சாமி."

"நான் என்னம்மா பண்ணட்டும்? ஆணியிலன்னா இருந்தது" என்றார் சேஷன் சார். மெதுவாகத்தான் சொன்னார். நல்ல மனிதர்.

அந்த அம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு மகள் செண்பகவல்லி நின்றாள். பதினோரு வயது. என்னைச் சித்தப்பா என்று கூப்பிடும் பிள்ளை.

இனி நான் சொல்வதைக் கவனமாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குப் பின் பதினைந்து வருஷம் எங்கள் மில்லில் இயந்திரத்துக்குள் ஒரு சாவுகூட இல்லை. இந்த ஊரில் வேறு எந்த ஆலையையாவது காட்டுங்கள் பார்ப்போம். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் பஞ்சு அறையில் நிறுத்தி, ஐசொலேட்டர் முன்னால் நின்று, தளவாயின் கதையை நான் சொல்வேன். படுகை, உருளை, இளஞ்சிவப்புப் பஞ்சு, எதையும் விட மாட்டேன். ஆணியில் தொங்கிய சாவியில் முடிப்பேன். புதிதாக வந்தவர்களுக்கு முகம் வெளிறிப்போகும். ஒரு சாவு பதினைந்து வருஷம் உழைத்தது, சார். உயிரோடு இருந்தபோது தளவாய் அவ்வளவு பேரைக் காப்பாற்றியிருக்க முடியாது.

ஆனால் எந்தப் பாடமும் தேயும். எழுபதில் சுவாமிதாஸ் என்று ஒரு ஃபிட்டர், பூட்டே போடாமல் ஐசொலேட்டருக்குள் கையை விட்டுக் கத்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாயால் சொன்னால் மறந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். மெயினை அணைத்துவிட்டு வந்து, கைப்பிடியை ஏற்றினேன். கரண்ட் இல்லை, வெறும் செம்புதான். இரண்டு விரல் போனது. மூன்றாவது பாதி. தவறி ஏறிவிட்டது என்று அவன் உட்பட எல்லோரும் நம்பினார்கள். அதற்குப்பின் பூட்டு விஷயத்தில் அவனைப் போல ஒருவன் கிடையாது. மகள் கல்யாணத்துக்கு மிச்ச விரல்களால் எனக்கு வெற்றிலை வைத்துக் கூப்பிட்டான். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இது உங்கள் ஃபைலில் இருக்காது. கேட்காமலே சொல்கிறேன். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது வன்னியராஜ்.

எழுபத்தைந்தில் செண்பகவல்லியைக் கட்டினான். சேஷன் சார் அவனை ஃபிட்டராகச் சேர்த்துக்கொண்டார், தளவாய் குடும்பம் என்பதற்காக. உயரமான பையன், நல்ல கை வேலை, வாய் ஓயாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழும் மலையாளமும் ஒரே பாத்திரத்தில் கிண்டியது போலப் பேசுவான். பூட்டைப் போடுவான். போட்ட கையோடு சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே இறங்குவான். எந்தத் தவறுக்காக அவன் மாமனார் செத்தார் என்று நான் வருஷாவருஷம் சொல்கிறேனோ, அதே தவறு.

இந்த வருஷம் ஜனவரியிலிருந்து மே வரை ஒன்பது முறை அவன் சாவியை ஆணியில் கண்டேன். ஒன்பது முறையும் எடுத்துக்கொண்டுபோய், தொட்டியின் விளிம்பில் குனிந்து, அவன் கையில் கொடுத்தேன்.

"என்னா அண்ணாச்சி, ஆணிக்குக் காவலா? ஆணி எறங்கி ஓடியா போவும்?"

"உள்ளே இருக்கிறது உன் உடம்பு."

"ஒரு குழப்பமும் இல்ல. நிங்க வெளிய நிக்கியள்ல. பின்ன எனக்கு என்னத்துக்குத் தாக்கோலு?"

என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒழுங்கின்மேல் இருக்க வேண்டிய நம்பிக்கையை ஓர் ஆளின்மேல் வைப்பவன் ஆபத்தானவன், சார். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஆணியில் மாட்ட ஆரம்பித்தார்கள். தளவாயின் சாவுக்கு வேகம் குறைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பாடத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

நடுவில் ஒருநாள், ஜூன் எட்டாம் தேதி, சாப்பாட்டு மணி அடித்தபின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வீட்டிலிருந்து அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் கொண்டுவந்திருந்தான். எனக்கும் ஒரு பங்கு வைத்தான்.

"அண்ணாச்சி, ஒரு சம்சயம்."

"கேளு."

"வல்லி சொல்லுதா, அவ அப்பா தாக்கோலை இடுப்பை விட்டு இறக்கினதே கெடையாதுன்னு. காலைல மூணு முடிச்சுப் போட்டு விடுறது அவதானாம். குளிக்கையிலயும் அது இடுப்புலதானாம். பின்ன எப்படி அண்ணாச்சி அது ஆணிக்கு ஏறிச்சு?"

"மழைக்காலம். கயிறு நனைஞ்சு அரிச்சிருக்கும். அவுத்து மாட்டியிருப்பாரு."

"ஓ, இருக்கும். ஆனா இவ விட மாட்டேங்கா. சேஷன் சாரைக் கண்டு பழைய என்கொயரி பேப்பரைக் கேக்கணுமாம். அப்பனை வருஷாவருஷம் நிறுத்தி வச்சுக் கெட்ட பேரு சொல்லுதாவளேன்னு ஒரே அழுகை. வயித்துல பிள்ளை வேற. இனி நானும் மாமா மாதிரி இடுப்புல கட்டிக்கிடுதேன்னு சொல்லித்தான் அழுகையை நிறுத்தினேன். மீனு நல்லாருக்கா?"

மீன் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் அப்பாவைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள். சேஷன் சார் அப்போது லீவில் இருந்தார், பத்தொன்பதாம் தேதிதான் வருவதாக இருந்தது. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பதினாறாம் தேதி காலை பத்தேகால். தொட்டி அடைத்துக்கொண்டது. வன்னியராஜ் சிவப்புப் பொத்தானை அழுத்தி, கைப்பிடியை இறக்கி, பூட்டைப் போட்டு, உள்ளே இறங்கினான். பொதி சுமக்கிறவர்கள் கட்டன் சாயாவுக்குப் போயிருந்தார்கள். நான் ஆணியைப் பார்த்தேன். அவன் சாவி தொங்கியது. பத்தாவது முறை. ஒன்பது முறை மன்னித்தவன் நான்.

இந்த முறை கையில் கொடுக்கவில்லை. பூட்டைத் திறந்தேன். கண்ணாடி வழியே கத்திகள் கவ்விகளுக்குள் போவதைப் பார்த்தேன். மூன்றும் சரியாக உட்கார்ந்தன. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். அவன் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். பாடிக்கொண்டிருந்தான்.

நாற்பது விநாடி ஓடவிட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தளவாய் விஷயத்தில் பதினோரு விநாடிதான், இருந்தும் பதினைந்து வருஷம் தாங்கியது. இது இன்னும் நீண்ட காலம் தாங்க வேண்டும் என்று நினைத்தேன். முதலில் ஒரு கால் போனது, பிறகு மற்றது. படுகை ஏறும்போது அவன் முகம் விளிம்புக்கு மேலே வந்தது. "அண்ணாச்சி" என்று கூப்பிட்டான். உதவிக்கு என்று நினைக்கிறேன். நான்தான் போட்டேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. பிறகு உருளைக்குப் போனான். உருளை இரண்டு இடத்தில் திக்கி, மறுபடி சுற்றியது. நல்ல மோட்டார். இவ்வளவுக்கும் ஃபியூஸ் போகவில்லை.

பிறகு நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். ஆணியைக் காட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். சுவாமிதாஸ் தலையில் அடித்துக்கொண்டு, "பாவி, நானும் எத்தனை தரம் சொன்னேன்" என்று அழுதான். அன்று சாயங்காலமே எல்லா ஃபிட்டர்களும் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் பாக்கியில்லை. அதை உங்கள் ஆட்களே போய்ப் பார்க்கலாம்.

எல்லாம் அப்படியே முடிந்திருக்கும். ஆனால் லைன் வீடு மில்லுக்குப் பின்புறம்தான். முதலுதவி அறையில் கிடத்தி, மற்றவர்களை நான் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும்போதே செண்பகவல்லி உள்ளே வந்துவிட்டாள். ஏழு மாத வயிறு. கையில் அரைத்த தேங்காய் ஒட்டியிருந்தது. அழவில்லை. அங்கே கிடந்ததில் எது முகம் என்று தேடிப் பார்த்தாள்.

நான் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். "போ மக்கா. பாக்காதே. கழுவிட்டுக் கூப்பிடுதேன்."

"கத்திய உள்ள வைங்க சித்தப்பா."

"அரைஞாண் கயிறு..."

"நான் கட்டினது. நானே அவுக்கேன்."

ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். அந்தப் பிடியின் தேங்காய் ஈரம் இன்னும் இருக்கிறது போலத் தோன்றுகிறது. அந்தக் கோரத்துக்குள் கையை விட்டாள். மூன்று முடிச்சு. ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். உள்ளங்கையில் சாவியை வைத்து முந்தானையால் துடைத்தாள். வன்னியராஜ் என்று வெட்டிய எழுத்து தெரிந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்க அப்பாவுக்கும் நீங்கதானே அறுத்தீங்க?" என்றாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். பதில் வேண்டும் என்று கேட்டது போல இல்லை. மில் ஜீப்பில் ஏற மறுத்து, மழையில் நடந்தே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது அந்தத் துணியை அவிழ்க்கலாம், சார்.

ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று இதோ, அவன் இடுப்பில் இருந்தது. இன்னொன்று ஆணியில் எல்லோரும் பார்த்தது. அப்படியானால் என் சாவிப் பெட்டியில் வன்னியராஜின் கொக்கி வெறுமையாக இருக்க வேண்டும். நீங்கள் ஆள் அனுப்பிப் பார்த்திருப்பீர்கள். வெறுமையாகத்தான் இருந்திருக்கும்.

ஆகையால் நான் முன்னே சொன்னதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். பதினாறாம் தேதி ஆணியில் சாவி தொங்கியது என்று சொன்னேன். தொங்கவில்லை. அவன் சொன்னபடியே கட்டிக்கொண்டு வந்திருந்தான். பூட்டைப் போட்டுவிட்டு, மாமனாரைப் போலவே இடுப்பைத் தட்டிக்காட்டி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் இறங்கினான். நான் என் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து இரண்டாவது சாவியை எடுத்து வந்தேன். வேலை முடிந்தபின் அதை ஆணியில் மாட்டினேன். கழுவும்போது இடுப்புச் சாவியை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று இருந்தேன். அவள் ஐந்து நிமிஷம் முந்திவிட்டாள்.

எழுதுகிறவர் பக்கத்தைப் புரட்டி, அறுபத்து மூன்றாம் வருஷத்துக்குப் போனால், அங்கேயும் அதே வரியைத் திருத்திக்கொள்ளலாம்.

அது கொலை இல்லை, சார். வெறும் அவசரம். மாஸ்டர் ஆளுக்குமேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். தளவாயை இரண்டு தரம் கூப்பிட்டேன், பதில் இல்லை. பூட்டோடு பீடி பிடிக்கப் போய்விட்டார் என்று உண்மையாகவே நினைத்தேன். பெட்டியிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்தேன். பூட்டைத் திறந்து பச்சைப் பொத்தானை அழுத்தினேன். அலறல் கேட்டது. என் விரல் இன்னும் பச்சையின்மேல் இருந்தது. சிவப்பு இரண்டு விரல் தூரம். ஆணி ஆறடி தள்ளி. கையில் அவருடைய சாவி இருந்தது.

முதலில் ஆணிக்குப் போனேன். மாட்டினேன். திரும்பி வந்து சிவப்பை அழுத்தினேன். அதற்குத்தான் பதினோரு விநாடி. அன்று ஏன் பதினோரு விநாடி என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வன்னியராஜ் இன்று இருந்திருப்பான். யோசித்துப் பார்த்தால் அது அவர்களுடைய கவனக்குறைவும்தான்.

கழுவும்போது அறுத்தெடுத்த சாவியை மறுநாள் காலை பெட்டியில் வைத்தேன். சேஷன் சார் பார்த்தது அதைத்தான். விசாரணை முடிந்தபின் இறந்தவரின் சாவி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

லாக்கப்பில் போடும்போது உங்கள் ஆட்கள் பெல்ட்டையும் கடிகாரத்தையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அரைஞாண் கயிற்றை யாரும் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம். முடிச்சு இறுகிப்போயிருக்கிறது.

இதோ. எழுத்து தேய்ந்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தளவாய் என்று படிக்கலாம். அந்தச் சாவிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இவர்கள் எல்லோரையும் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் என் பெயருக்கு நேரே குறித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வருஷமாக இது என் இடுப்பில் இருந்தது, சார். ஒருநாள்கூட நான் இதை ஆணியில் மாட்டியதில்லை.